கிளாரினெட்டும் தக்கையும்

கிளாரினெட் என்னும் துளைக்கருவியைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கும் மாணவர், அதன் கரிய மரத்தையும் வெள்ளிபோல் மின்னும் சாவிகளையும் கண்டு வியப்பார். ஊதுவாயைப் பற்றியும், அதில் பொருத்தும் நாணல் தகடாகிய ரீடைப் பற்றியும் ஆசிரியரிடம் பல கேள்விகள் கேட்பார். ஆனால் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தும் இடங்களில் வளையம்போல் ஒட்டியிருக்கும் பழுப்பு நிறத் தக்கையைப் பற்றி ஒருவரும் கேட்டு நான் அறியேன். துளைக்கருவிகளைச் செப்பனிடும் தொழிலில் பல ஆண்டுகளாக ஈடுபட்டிருப்பவன் நான். என்னிடம் வரும் கருவிகளில் எத்தனையோ, இந்தத் தக்கையைக் கவனியாது விட்டதனாலேயே பழுதுபட்டவை. ஆகவே இன்று அதைப் பற்றியே பேச எண்ணுகிறேன்.

கருவியின் அமைப்பை முதலில் நினைவிற் கொள்வோம். கிளாரினெட் ஒரே மரக்குழல் அன்று. ஐந்து துண்டுகள் சேர்ந்தது. உச்சியில் ஊதுவாய், அதன்கீழ்ப் பேரல் எனப்படும் சிறு உருளை, பின்னர் மேல்குழல், கீழ்குழல், கடைசியில் மணிபோல் விரிந்த அணசு. ஒரு துண்டின் நுனி மற்றொரு துண்டின் குழிக்குள் செருகிக்கொள்கிறது. செருகும் நுனியைத் தச்சர் மொழியில் கழுந்து என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஊதுவாயில் ஒரு கழுந்து, மேல்குழலின் இரு முனைகளிலும் இரண்டு, கீழ்குழலின் அடியில் ஒன்று; ஆக நான்கு. ஒவ்வொரு கழுந்திலும் ஓர் ஆழமற்ற பள்ளம் வெட்டியிருக்கும். அந்தப் பள்ளத்தில்தான் தக்கை அமர்ந்திருக்கிறது.

இக்கருவி ஏறத்தாழ 1700ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனி நாட்டு நியூரம்பர்க் நகரில், டென்னர் என்னும் கருவிக் கைவினைஞரின் பட்டறையில் உருப்பெற்றது. அக்காலத்தில் கழுந்துகளில் தக்கை இல்லை, நூலே சுற்றினார்கள். மெழுகு தோய்த்த நூலைச் சுற்றிச் சுற்றி, குழியில் இறுகும் அளவுக்குத் தடிக்கச் செய்வார்கள். நம் நாகசுரத்தில் சீவாளியைத் தாங்கும் கெண்டையில் நூல் சுற்றுவதை நீங்கள் பார்த்திருக்கலாம், அதே உபாயம்தான். நூலில் ஒரு நன்மை உண்டு: தளர்ந்தால் இரண்டு சுற்றுக் கூட்டலாம், இறுகினால் இரண்டு சுற்றுக் குறைக்கலாம். தீமையும் உண்டு. ஆண்டுக்கணக்கில் இறுக்கிச் சுற்றிய நூல் மரக் கழுந்தை நெரித்து, உட்துளையையே சுருக்கிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வினைஞர்கள் மெல்ல மெல்ல நூலை விட்டுத் தக்கைக்கு மாறினர். பஸ்ஸூன் போன்ற சில கருவிகளில் நூல் இன்றும் வழங்குகிறது.

கிளாரினெட் நமக்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகாதேவ நட்டுவனார் அதனைச் சதிர்க் கச்சேரிக்குக் கொணர்ந்தார் என்பர். சின்னமேளத்தில் நெடுங்காலம் அது நிலைத்திருந்தது. பின்னர் கச்சேரி மேடையிலும் தனி வாத்தியமாக ஏறியது. திருச்சி ஏ. கே. சி. நடராஜன் கிளாரினெட் வாசிப்புக்காகவே 2008ஆம் ஆண்டில் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார். இவ்வளவு காலம் நம்மிடையே வாழ்ந்த கருவிக்கு வேண்டிய தக்கை மட்டும் நம் நாட்டில் விளைவதன்று.

தக்கை ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. மத்தியதரைக் கடலின் மேற்குக் கரைகளை ஒட்டிய நாடுகளில் அம்மரம் வளர்கிறது. போர்ச்சுகல் நாடே உலகத் தேவையில் பாதியளவைத் தருகிறது. மற்ற மரங்கள் பட்டையை இழந்தால் பட்டுப்போகும். இந்த மரமோ வெளிப்பட்டையை உரித்தாலும் சாவதில்லை. மீண்டும் பட்டை கட்டுகிறது. மரத்துக்கு ஏறத்தாழ இருபத்தைந்து வயது ஆனபின் முதல் உரிப்பு. அதற்குப் பின் ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை. முதல் இரண்டு உரிப்புகளிலும் கிடைக்கும் பட்டை கரடுமுரடானது. மூன்றாம் உரிப்பிலிருந்தே சீரான, நயமான தக்கை கிடைக்கும். கணக்கிட்டுப் பாருங்கள்: நல்ல தக்கை ஒன்றைத் தருவதற்கு அம்மரம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கிறது. ஒரு துண்டுத் தக்கையை வீணாக வெட்டி எறிய எனக்கு இன்றும் மனம் வருவதில்லை. அதற்கு இதுவே காரணம்.

உயிரியல் பயிலும் மாணவர்க்குத் தக்கை ஏற்கெனவே அறிமுகமானது. இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1665இல் வெளியிட்ட நூலில், தக்கையின் மெல்லிய சீவல் ஒன்றை உருப்பெருக்கியின்கீழ் வைத்துப் பார்த்ததை விவரிக்கிறார். தேனடைபோல் நெருங்கிய நுண்ணறைகளை அதில் கண்டு, அவற்றுக்குச் 'செல்' என்று பெயரிட்டார். ஒரு கன அங்குலத் தக்கையில் நூற்றிருபது கோடிக்கு மேற்பட்ட அறைகள் இருக்கும் என்றும் அவர் கணக்கிட்டார். அந்த அறைகளுக்குள் இருப்பது காற்று. அறைச் சுவர்களில் மெழுகு போன்ற ஒரு பொருள் படிந்திருப்பதால் நீரும் காற்றும் அவற்றை எளிதில் ஊடுருவுவதில்லை. தக்கையை அழுத்தும்போது கோடிக்கணக்கான காற்றுப் பைகளை ஒருங்கே அழுத்துகிறோம். விட்டவுடன் அவை மீள்கின்றன.

தக்கைக்கு மற்றொரு குணமும் உண்டு. அழி ரப்பர் ஒன்றை விரல்களுக்கிடையே வைத்து நசுக்கிப் பாருங்கள். மேலும் கீழும் அழுந்திய அளவுக்குப் பக்கவாட்டில் பிதுங்கும். தக்கைத் துண்டை அவ்வாறே நசுக்கினால், அழுந்துமே தவிரப் பக்கவாட்டில் ஏறக்குறையப் பிதுங்காது. அதன் அறைச் சுவர்கள் உள்ளேயே மடிந்துகொள்கின்றன. கழுந்தின் பள்ளத்தில் ரப்பரை வைத்தால் அது பிதுங்குவதற்கு இடமின்றி முரண்டு பிடிக்கும். குழியின் சுவரைக் கவ்விக்கொண்டு திரும்ப மறுக்கும். தக்கையோ அடங்கிப் போகும். அடங்கியபடியே இடைவெளியை நிரப்பும். கிளாரினெட்டின் மரம் ஆப்பிரிக்காவின் டான்சானியா, மொசாம்பிக் நாடுகளில் விளையும் கருமரம். நீரில் இட்டால் அமிழும் அத்துணைக் கனமானது. சாவிகள் உலோகம். ஊதுவாய் பெரும்பாலும் எபோனைட் என்னும் கெட்டி ரப்பர். இவ்வளவு கடினமான பொருள்கள் நடுவே விட்டுக்கொடுக்கும் வேலை தக்கையின் தலையில் விழுந்திருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி மாணவர் ஒருவர் என் பட்டறைக்குக் கிளாரினெட் ஒன்றைக் கொண்டுவந்தார். அதை விற்றுத் தரமுடியுமா என்பதே அவர் கேள்வி. காரணம் வினவினேன். தமக்கு மூச்சு வலிமை போதாது என்றும், கீழ்ச்சுரங்கள் ஓராண்டாகப் பழகியும் வரவில்லை என்றும், குழலைவிட்டு வேறு வாத்தியம் பார்க்கும்படி கற்றுக்கொடுப்பவரே கூறிவிட்டார் என்றும் சொன்னார். இடக்கை விரல்களால் மட்டும் வாசிக்கும் சுரங்கள் எப்படி என்றேன். அவை நன்றாக வருகின்றன என்றார். அந்த விடையே போதுமானதாக இருந்தது.

ஏனென்றால், குழலில் எழும் ஒவ்வொரு சுரத்துக்கும் காற்றுத் தம்பம் ஒரு குறிப்பிட்ட நீளம் வரை அதிர்கிறது. இடக்கைச் சுரங்களுக்கு மேல்குழலின் நீளமே போதும். வலக்கை விரல்களையும் மூடிக் கீழே இறங்கும்போது, காற்றுத் தம்பம் இரு குழல்களும் கூடும் நடு மூட்டைக் கடந்து நீள்கிறது. அந்த மூட்டில் கசிவு இருந்தால் அதற்குக் கீழுள்ள சுரங்களே கெடும். மேலே உள்ளவை கெடா. ஊதுவாயின் மூட்டு கசிந்தாலோ எல்லாச் சுரங்களும் மங்கும். இன்ன சுரம் குறைகிறது என்று கேட்டால் இன்ன மூட்டைப் பார் என்று சொல்லிவிடலாம் என்பது இதனால்தான். ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: தக்கையின் கசிவைக் காட்டிலும், துளைகளை மூடும் பேடுகளின் கசிவே நடைமுறையில் மிகுதி. எனவே முன்னதையும் பின்னதையும் பிரித்தறிய வேண்டும். மேல்குழலைத் தனியே எடுத்துக்கொண்டு, துளைகளை விரல்களால் மூடி, அடிவாயை உள்ளங்கையால் அடைத்து, மேல்வாயில் உதடு வைத்து உறிஞ்சுங்கள். உறிஞ்சிய காற்றின் இழுப்பு நின்றால் பேடுகள் பழுதில்லை. கீழ்குழலையும் இவ்வாறே சோதியுங்கள். தனித்தனியே நிற்கும் இழுப்பு, இரண்டையும் பூட்டியபின் நிற்காமற்போனால் குற்றவாளி நடு மூட்டின் தக்கைதான்.

அந்த மாணவரின் கருவியில் அப்படித்தான் இருந்தது. நடுக் கழுந்தின் தக்கை உலர்ந்து இறுகி, தோல்போல் ஆகிவிட்டிருந்தது. நகத்தால் அழுத்தினேன், பதிந்த குறி அப்படியே நின்றது. உயிருள்ள தக்கையில் அக்குறி சற்று நேரத்தில் மறைந்துவிடும். ஊதுவாயின் தக்கையில் பாதி உதிர்ந்துபோய், அந்த இடத்தில் செய்தித்தாள் துண்டு சுற்றப்பட்டிருந்தது. இரண்டையும் அன்றே மாற்றினேன். மறுநாள் வந்து வாசித்தார், கீழ்ச்சுரங்கள் வந்தன. அவர் கருவியை விற்கவில்லை. மூச்சைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இனி, தக்கை மாற்றும் முறைக்கு வருவோம். ஊதுவாயின் தக்கையையே எடுத்துக்கொள்கிறேன். அதில் பேடுகளும் சாவிகளும் இல்லாமையால் முதன்முதல் பழகுவதற்கு அதுவே ஏற்றது.

பழைய தக்கையை முதலில் நீக்க வேண்டும். கூர்மழுங்கிய சிறு கத்தியே இதற்குப் போதும். பிளேடு வேண்டா; அது பள்ளத்தின் அடியைக் கீறிவிடும், கீறல் வழியே காற்று கசியும். பசையின் மிச்சத்தையும் பொறுமையாகச் சுரண்டி எடுங்கள். வெந்நீரில் போட்டால் எளிது என்று சிலர் எண்ணுவர். எபோனைட் ஊதுவாயை வெந்நீரில் இடவே கூடாது. அது கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பராதலால், வெந்நீரிலும் வெயிலிலும் நிறம் மாறிப் பழுப்பேறும். வெப்பம் மிகுந்தால் உருவும் கோணும். ரீடு படியும் தளம் இம்மியளவு கோணினாலும் அந்த ஊதுவாய் கெட்டதுதான்.

அடுத்தது அளவு. வெர்னியர் அளவி கைவசம் இருந்தால் நன்று. ஓர் உதாரணம் கொள்வோம். பள்ளத்தின் அடியில் கழுந்தின் விட்டம் 20 மி.மீ.; பேரலின் குழி விட்டம் 22.5 மி.மீ. என்க. வித்தியாசத்தில் பாதி, அதாவது 1.25 மி.மீ., தக்கை நிரப்ப வேண்டிய இடைவெளி. தக்கை அதைவிடச் சற்றே தடித்திருந்தால்தான் அழுந்தி அடைக்கும். கடைகளில் 1.6 மி.மீ. தடிப்பில் தக்கைத் தகடு கிடைக்கும். அதை ஒட்டியபின் தேய்த்துக் குறைத்துக்கொள்ளலாம். தகட்டில் குழிகளும் கரும்புள்ளிகளும் குறைந்த பகுதியைத் தேர்ந்தெடுங்கள். தக்கைத் தூளைப் பசையிட்டு அழுத்திய தகடுகளும் விற்கின்றன. விலை குறைவு, ஆனால் மூட்டுகளுக்கு இயற்கைத் தகடே என் விருப்பம்.

பள்ளத்தின் அகலத்துக்குச் சரியாக ஒரு நாடா வெட்டுங்கள். அகலம் குறைந்தால் ஓரத்தில் கசியும். மிகுந்தால் விளிம்பின்மேல் ஏறி மடங்கும். நீளம், பள்ளத்தின் அடிச் சுற்றளவுக்கு மேல் சிறிது இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் சுற்றளவு ஏறத்தாழ 63 மி.மீ.; ஒன்றன்மேல் ஒன்று படிவதற்காக மேலும் 6 மி.மீ. சேர்த்து 69 மி.மீ. வெட்டலாம். நாடாவின் இரு முனைகளையும் வெறுமனே முட்டவைத்து ஒட்டுவது தவறு. அந்த முட்டில் கோடுபோல் ஒரு பிளவு எப்போதும் இருக்கும். ஒரு முனையின் மேற்புறத்தை, அந்த 6 மி.மீ. நீளத்துக்கு, நுனியில் காகிதம்போல் மெலியும்படி சாய்வாகச் சீவுங்கள். இதற்குப் புதிய பிளேடு வேண்டும். சீவும்போது தக்கை உதிர்ந்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று பொருள். இந்தச் சீவல் அமைவதைப் பொறுத்தே வேலை முழுதும் அமையும். ஆகையால் வீண் துண்டு ஒன்றில் நாலைந்து முறை பழகிவிட்டுத் தொடங்குங்கள்.

பசையைப் பற்றி ஒரு சொல். முற்காலத்தில் அரக்கை உருக்கி ஒட்டினார்கள். உலோகக் கழுத்துக்கு அது இன்றும் ஏற்றது. எபோனைட்டுக்கும் மரத்துக்கும் சூடு ஆகாது. செருப்புத் தைப்போர் கையாளும் ரப்பர் பசையே போதும். பள்ளத்திலும், தக்கையின் அடிப்புறத்திலும், சீவிய சாய்விலும் மெல்லியதாகத் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்கு உலரவிடுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். அந்தப் பசையின் ஆவி தலைவலி தரும். உலர்ந்த இரு பரப்புகளும் ஒன்றையொன்று தொட்ட கணமே பற்றிக்கொள்ளும். பின்னர் நகர்த்தித் திருத்த முடியாது. ஆதலால் சீவிய முனையை, சாய்வு மேல்நோக்கி இருக்க, பள்ளத்தில் நேராக வைத்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்திச் சிறிது சிறிதாகச் சுற்றி வாருங்கள். இழுத்துச் சுற்ற வேண்டா. இழுத்த தக்கை பின்னால் சுருங்கிப் பிளக்கும். சுற்று முடியும் இடத்தில் மறுமுனை அந்தச் சாய்வின்மேல் ஏறிப் படியும். மேலே துருத்தும் பகுதியைப் பிளேடால் சீவிச் சமமாக்கிவிடலாம்.

இப்போது தக்கை வேண்டிய அளவினும் தடித்திருக்கும். உப்புத்தாளை விரலகல நாடாவாகக் கிழித்து, கழுந்தைச் சுற்றிப் போட்டு இழுத்துத் தேய்க்க வேண்டும். கழுந்தின் விளிம்புகளை ஒட்டுத்தாளால் மூடிவிட்டுத் தேய்ப்பது நல்லது. ஒட்டின் ஓரம் கிளம்பாத திசையிலேயே இழுங்கள். ஊதுவாயின் துளைக்குள் சிறு துணிப் பந்து ஒன்றை அடைத்துவிட்டால் தூள் உள்ளே போகாது. பத்து இழுப்புக்கு ஒருமுறை நிறுத்தி, பேரலில் பொருத்திப் பாருங்கள். தேய்த்ததை மீண்டும் ஒட்ட முடியாது. தக்கை வேலை செய்பவனின் கைத்திறம் என்று ஒன்று இருந்தால், அது எப்போது நிறுத்துவது என்று அறிவதில்தான் இருக்கிறது. முன் ஓரத்தைச் சிறிது சாய்வாகத் தேய்த்துவிட்டால் குழியின் விளிம்பில் இடறாமல் நுழையும்.

தக்கைக்கென்று விற்கும் கொழுப்பைச் சிறிது தடவி, மெல்லத் திருகியபடி செருகுங்கள். கைக்கு எதிர்ப்பு இருக்க வேண்டும். ஆனால் மணிக்கட்டு நோகக்கூடாது. பூட்டியபின் தலைகீழாகப் பிடித்தால் பேரல் தானே நழுவக்கூடாது. இவ்வளவுதான் சோதனை. இறுக்கம் மிகுந்தால் பாதுகாப்பு மிகும் என்று எண்ணிவிடாதீர்கள். தடித்த தக்கையை வலிந்து திணிப்பதனால் பேரலின் மரம் வெடித்த கருவிகளை நான் பார்த்திருக்கிறேன். குழியின் வாயில் உலோகப் பூண் இருப்பது இந்த அபாயத்தைக் குறைக்கவே. அதை நம்பி முரட்டுத்தனம் செய்யலாகாது.

மழைக்காலத்தில் மூட்டு இறுகினால் உடனே தக்கையைத் தேய்க்கத் தொடங்குவதும் தவறு. மரம் ஈரத்தை உண்டு பருக்கிறது. இறுகியது தக்கையோ, மரமோ என்று முதலில் பார்க்க வேண்டும். கழுந்தின் மர விளிம்புகளில் மெருகேற்றியதுபோல் பளபளக்கும் தழும்பு தெரிந்தால் உராய்வது மரம்தான். தக்கையின்மேல் பழி போடலாகாது. அதேபோல், ஆடும் மூட்டுக்கெல்லாம் புதுத் தக்கை மருந்தாகாது. இரு துண்டுகளையும் நேராகத் தாங்கி நிறுத்துவது கழுந்தின் மர விளிம்புகள். தக்கையின் வேலை காற்றை அடைப்பது மட்டுமே. விளிம்புகள் தேய்ந்து ஆடும் கருவிக்கு எவ்வளவு தடித்த தக்கை இட்டாலும் சில வாரங்களில் அதே ஆட்டம் திரும்பும். அத்தகைய கருவியைத் தேர்ந்த வினைஞரிடம் கொடுப்பதே முறை.

சுருதி சேர்ப்பதிலும் இந்த மூட்டுகளுக்குப் பங்கு உண்டு. பேரலைச் சிறிது வெளியே இழுத்தால் குழல் நீண்டு, சுருதி இறங்கும். ஆனால் எல்லாச் சுரமும் ஒரே அளவு இறங்குவதில்லை. மிகத் தாழ்ந்த சுரத்துக்குக் காற்றுத் தம்பம் ஏறத்தாழ 590 மி.மீ.; விரல் எதுவும் மூடாமல் எழும் சுரத்துக்கு ஏறத்தாழ 250 மி.மீ. ஒரு மில்லிமீட்டர் கூட்டினால் முன்னது அறுநூற்றில் ஒரு பங்கு நீளும். பின்னது இருநூற்றைம்பதில் ஒரு பங்கு நீளும். பின்னதன் சுருதியே இருமடங்குக்கு மேல் இறங்குகிறது. ஆகவே சுருதிப் பெட்டியோடு சேர்ப்பவர் ஒரே சுரத்தைக் கேட்டுத் தீர்மானிக்காமல், நாலைந்து சுரங்களைக் கேட்க வேண்டும். பேரல் எந்த இடத்தில் நிறுத்தினாலும் அங்கேயே நிற்க வேண்டும், காற்றும் கசியக்கூடாது. தளர்ந்த தக்கை இவ்விரண்டையும் செய்யாது.

சாக்ஸஃபோன் வாசிப்போர் இந்த இடத்தில் தங்கள் கருவியைப் பற்றிக் கேட்கலாம். அடால்ஃப் சாக்ஸ் 1846இல் காப்புரிமை பெற்ற அக்கருவியில், தக்கை ஊதுவாயில் இல்லை. வளைந்த பித்தளைக் கழுத்தில் இருக்கிறது. ஊதுவாய் அதன்மேல் தொப்பிபோல் ஏறி, முன்னும் பின்னும் நகர்ந்தே சுருதி சேர்கிறது. அங்கே பள்ளம் கிடையாது. கழுத்தும் கூம்பு வடிவம். ஆதலால் தக்கை நாடாவை நேராக வெட்டினால் கோணிக்கொண்டு போகும், சற்றே வளைவாக வெட்ட வேண்டும். நகரும் தூரம் மிகுதி என்பதால் தேய்மானமும் மிகுதி. கதிரி கோபால்நாத் (1949–2019) கமகங்களுக்கு ஏற்பச் சாவிகளை மாற்றியமைத்து அக்கருவியைக் கருநாடக இசைக்கு ஆக்கித் தந்தபின், அதைப் பயில்வோர் நம்மிடையே பெருகியுள்ளனர். வாசித்து முடிந்தபின் ஊதுவாயைக் கழுத்திலேயே விட்டுப் பெட்டியை மூடுவது அவர்களிடம் நான் மிகுதியாகக் காணும் பழக்கம். இரவெல்லாம் நசுங்கிக் கிடக்கும் தக்கை மீளும் ஆற்றலை இழக்கிறது. கழற்றி வையுங்கள். கிளாரினெட்டுக்கும் இது பொருந்தும்.

கச்சேரிக்கு முந்திய நாள் மூட்டு தளர்ந்து, கடையும் மூடியிருந்தால் என் செய்வது? மெல்லிய பருத்தி நூலைச் சீராகச் சுற்றலாம். டென்னர் காலத்து முறைதானே! காகிதம் ஈரம் பட்டுக் கூழாகிவிடும். உலர்ந்து அமுங்கிய தக்கையை ஈரப்படுத்தி, இலேசாகச் சூடு காட்டினால் அது உப்பும் என்பதும் உண்மையே. எபோனைட் ஊதுவாயில் அதைச் செய்யவேண்டா, வேறு இடங்களிலும் அது ஓரிரு நாளைக்குத்தான் தாங்கும்.

புதுத் தக்கை முதல் வாரத்தில் சற்று முறுக்காகவே இருக்கும். நாளடைவில் கொழுப்பை உண்டு இணங்கும். அதற்குள் அவசரப்பட்டு மேலும் தேய்த்துவிடாதீர்கள். தொடக்கத்தில் நாள்தோறும், பின்னர் வாரம் ஒருமுறை, விரல் நுனியளவு கொழுப்பு போதும். பெட்ரோலிய வழிக் கொழுப்பைப் பட்டறைக்காரர் பலர் தவிர்ப்பர். அது ரப்பர் பசையை இளக்கிவிடும். பழைய கொழுப்பில் தூசி படிந்து கறுத்திருந்தால், புதியதைத் தடவுமுன் மெல்லிய துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். பேரலின் குழிக்குள்ளும் ஒருமுறை துணியைச் சுழற்றுங்கள்.